ஆறாவது தளம் எங்கே போனது?

ஜப்பானின் கோபே நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் எண் கட்டடம் 1957-ல் எழுப்பியது. எட்டுத் தளம். 1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46-க்கு அந்த நகரம் குலுங்கியது. அன்று எடுத்த படங்களைப் பார்த்தால் முதலில் ஒன்றும் விளங்காது. கட்டடம் நிற்கிறது. கீழே ஐந்து தளமும் நிற்கின்றன, உச்சியும் இருக்கிறது. விரல்விட்டு எண்ணினால்தான் தெரியும்: ஆறாவது தளத்தைக் காணோம். ஏழாவது தளம் ஐந்தாவதன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. (தரைத்தளத்தையே ஒன்று என்று எண்ணுவது ஜப்பானியர் வழக்கம். நம் கணக்கில் அது ஐந்தாவது மாடி.)

அதே காலையில் கோபேயின் மேற்கு நகர மருத்துவமனையில் ஐந்தாவது தளம் அப்பளமாக நொறுங்கியது. அங்கே நோயாளிகள் படுத்திருந்தார்கள். நகரெங்கும் இப்படி நடுத்தளம் மட்டும் நசுங்கிய கட்டடங்கள் பல. அடியும் முடியும் தப்ப, இடுப்பு மட்டும் ஒடிந்திருந்தது.

நகராட்சிக் கட்டடத்தின் கதைக்கு விடை அதன் தூண்களுக்குள் இருந்தது. கீழ்த்தளங்களின் தூண்களுக்குள் எஃகுச் சட்டங்களை நிறுத்தி, சுற்றிலும் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றியிருந்தார்கள். மேல்தளங்களுக்கு அவ்வளவு வலு எதற்கு என்று எஃகுச் சட்டத்தைப் பாதி உயரத்தில் நிறுத்திவிட்டு, அதற்குமேல் சாதாரணக் கம்பியும் கான்கிரீட்டுமாகத் தூணை ஏற்றினார்கள். எஃகு நின்றுபோன உயரத்தை ஒட்டித்தான் கட்டடமும் மடிந்தது. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அக்காலத்து ஜப்பானிய விதி, நிலநடுக்கத்தின் பக்கவாட்டு விசையை எல்லாத் தளங்களுக்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கணக்கிட்டது. உண்மையில் கட்டடம் சாட்டைபோல ஆடும். மேலே போகப்போக வீச்சு கூடும். 1981-ல் ஜப்பான் இதைத் திருத்திக்கொண்டது. 1957-ல் கட்டியதற்கு அந்தத் திருத்தம் எட்டவில்லை.

வலுவான அடிப்பாகமும் சுமாரான மேல்பாகமும் தனித்தனியே பார்த்தால் தவறானவை அல்ல. ஒன்று மற்றொன்றாகக் கைமாறிய இடம்தான் தவறிப்போனது. நிலநடுக்கம் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் தேடுவது அந்த இடத்தைத்தான் என்று தோன்றும். சுமையைக் கைமாற்றுகிறபோது கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் முன்கூட்டியே கையை எடுத்துவிட்டால் பானை தரையில்.

கட்டடத்தின் கீழ்ப்பாகத்தை ஒருவிதமாகவும் மேல்பாகத்தை வேறுவிதமாகவும் கட்டுவது குற்றமில்லை. நாம் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நம் ராஜகோபுரங்களைப் பாருங்கள். வாசலை ஒட்டிய அடிப்பாகம் கருங்கல். அதற்குமேல் அடுக்கடுக்காகச் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். நிலநடுக்கத்தை மனத்தில் வைத்துத்தான் அப்படிக் கட்டினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிப் பெருமை பேச நமக்கு ஆதாரமில்லை. கனத்தையும் விறைப்பையும் கீழே வை, மேலே போகப்போக இலகுவாக்கு என்ற கட்டுமானப் புத்தி அதில் இருக்கிறது. அது போதும்.

அதே புத்தியை இன்று அமெரிக்காவின் மேற்குக் கரையில் பார்க்கலாம். கீழே ஒன்றிரண்டு தளம் கான்கிரீட் மேடை. கடைகளும் கார்களும் அதற்குள். மேடைக்குமேல் நான்கைந்து தளம் மரச்சட்ட வீடுகள். அந்த நாட்டு விதிநூல் இதற்கு ஒரு குறுக்குவழி தருகிறது: மேல்பாகத்தைத் தனிக் கட்டடமாகவும் கீழ்ப்பாகத்தைத் தனிக் கட்டடமாகவும் எடுத்துக் கணக்குப் போடலாம். ஆனால் சும்மா விடுவதில்லை. கீழ்ப்பாகத்தின் விறைப்பு மேல்பாகத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு முறை ஆடி முடிக்கும் நேரம், மேல்பாகம் மட்டும் ஆடுகிற நேரத்தைப்போல் 1.1 மடங்கைத் தாண்டக் கூடாது. அதாவது, கீழே இருப்பது கிட்டத்தட்டத் தரையைப்போலவே நடந்துகொள்ள வேண்டும். மேலிருந்து இறங்கும் விசையைக் கீழ்ப்பாகத்துக்குக் கொடுக்கும்போது, கீழே இருப்பது வளைந்துகொடுக்கும் குணம் குறைந்ததாக இருந்தால், அந்த விசையைப் பெருக்கித்தான் கொடுக்க வேண்டும். கைமாறும் இடத்தில் கணக்கு இவ்வளவு கறாராக இருக்கிறது.

இந்தக் கறார் சும்மா வந்துவிடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் வடக்கே சில்மாரில் ஆலிவ் வியூ என்றொரு மருத்துவமனை. ஆறு தளம், புத்தம் புதியது. மேல் நான்கு தளங்களில் கான்கிரீட் சுவர்கள் கட்டடத்தைப் பெட்டிபோல் இறுக்கியிருந்தன. பொறியாளர்கள் ஷியர் வால் என்பது இதைத்தான். பக்கவாட்டு விசையைத் தாங்குவதற்கென்றே எழுப்பும் சுவர். கீழ் இரண்டு தளங்களில் அந்தச் சுவர்கள் இறங்கவில்லை. அங்கே தூண்களும் பீம்களும் மட்டும். 1971 பிப்ரவரி 9 காலை ஆறு மணிக்கு 6.6 அளவில் நிலநடுக்கம். மேல் நான்கு தளம் அப்படியே பெட்டியாக நின்றது. கீழ்த்தூண்கள் ஓர் அடிக்கும் மேல் சாய்ந்தன. நான்கு மாடிப்படிக் கோபுரங்களில் மூன்று கழன்று விழுந்தன.

அங்கே ஒரு பாடம் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதியிருந்தது. சில தூண்களில் சுருள் வடிவில் நெருக்கமாகக் கம்பி சுற்றியிருந்தார்கள். சில தூண்களில் இடைவெளி விட்டுத் தனித்தனி வளையங்கள். நம் கம்பி கட்டுபவர்கள் மொழியில் ரிங். சுருள் சுற்றிய தூண்கள் மேற்பூச்செல்லாம் உதிர்ந்து, வளைந்து, அவலட்சணமாக நின்றன. ஆனால் நின்றன. தனித்தனி ரிங் போட்டவை சிதறிவிட்டன. ஒரு மருத்துவமனையின் ஆயுள் ரிங்கின் இடைவெளியில் இருந்தது.

அதே 1971-ல் கட்டி முடித்தது எல் சென்ட்ரோ ஊரின் மாவட்ட அலுவலகக் கட்டடம். இதுவும் ஆறு தளம். இதிலும் மேல்தளங்களின் ஓரச் சுவர் தரைவரை நேராக வரவில்லை. ஆட்டத்தை அளக்கும் கருவிகளைக் கட்டடத்துக்குள்ளேயே பொருத்தியிருந்தார்கள். 1979 அக்டோபர் 15 நிலநடுக்கத்தில் கிழக்கு ஓரத்துத் தரைத்தளத் தூண்கள் நசுங்கின. நசுங்கியதைக் கருவிகள் பதிவு செய்தன. நோயாளியே தன் நாடித்துடிப்பை எழுதிவைத்துவிட்டுப் போன மாதிரி. கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பதிவுகள் இன்றும் பாடப் பொருள்.

இவ்வளவும் வெளியூர்க் கதை. இனி நம் கதை.

2001 ஜனவரி 26, குடியரசு நாள் காலை 8.46. குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவில் நிலம் பிளந்தது. கட்ச் அழிந்ததில் வியப்பில்லை. அங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது அகமதாபாத். அங்கே எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பழைய நகரத்துப் பொல் தெருக்களின் நூற்றாண்டு வீடுகளைவிட, கட்டிச் சில ஆண்டே ஆன ஐந்து மாடி, பத்து மாடி அடுக்ககங்கள்தான் அதிகம் உயிர் குடித்தன. சபர்மதிப் படுகையின் வண்டல் மண் அதிர்வைப் பெருக்கியது உண்மை. ஆனால் அதே வண்டலில் எத்தனையோ கட்டடங்கள் நின்றன. விழுந்தவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒரே அமைப்பு: கீழே வெறும் தூண்கள், நடுவில் கார்கள், மேலே செங்கல் சுவரெழுப்பிய வீடுகள்.

இதை நாம் ஸ்டில்ட் என்கிறோம். அதை யாரும் இருவேறு அமைப்புகளின் சேர்க்கை என்று நினைப்பதில்லை. வரைபடத்தில் மேலும் கீழும் ஒரே தூண், ஒரே பீம். வேறுபாடு செங்கல்லில் இருக்கிறது. கணக்குப் போடும் பொறியாளர் பெரும்பாலும் செங்கல் சுவரை வெறும் பாரமாகத்தான் எடுத்துக்கொள்வார். நிலநடுக்கத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. தூண்களுக்கு நடுவே இறுக்கமாக எழுப்பிய சுவர், சட்டத்துக்குள் செருகிய பலகைபோல் மேல்தளங்களை விறைப்பாக்கிவிடும். கீழே அந்தப் பலகை இல்லை. ஆகவே ஐந்து தளம் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அசைவு முழுவதையும் தரைத்தளத் தூண்கள் மட்டும் வாங்கிக்கொள்கின்றன. காகிதத்தில் ஒரே அமைப்பு. நிலம் ஆடும்போது மேலே பெட்டி, கீழே குச்சி. பொறியாளர்கள் இதை சாஃப்ட் ஸ்டோரி என்பார்கள். நொய்ந்த தளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் உயரத்தின் பங்கு பலருக்குத் தெரியாது. தூணின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிக்கு எதிராக மாறும். கீழே கடைக்காக, காட்சிக்கூடத்துக்காகத் தளத்தின் உயரத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால், அதே தடிமன் தூணின் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கண்ணாடி முகப்பு வைத்த கடைவீதிக் கட்டடங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

அகமதாபாதுக்குப் பிறகு நம் நிலநடுக்க விதிநூல் விழித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். 2002-ல் வந்த ஐ.எஸ். 1893-ன் ஐந்தாவது திருத்தம், நொய்ந்த தளத்தின் தூண்களையும் பீம்களையும் வழக்கமான நிலநடுக்க விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. அதே திருத்தத்தில்தான் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. மண்டல எண் 0.10-லிருந்து 0.16, அதாவது கணக்கில் எடுக்க வேண்டிய விசை 60 விழுக்காடு கூடியது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலுக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சென்னையில் பலர் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தது நினைவிருக்கலாம். அகமதாபாதும் அன்று மூன்றாம் மண்டலத்தில்தான் இருந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

2016-ல் வந்த ஆறாவது திருத்தம் இன்னும் தெளிவு. திறந்த தளத்தில், தூண்களுக்கு இடைப்பட்ட சில கண்களிலாவது ஷியர் வாலோ குறுக்குச் சட்டமோ வைத்து அதன் விறைப்பையும் வலுவையும் உயர்த்தச் சொன்னது: விறைப்பு மேல்தளத்தினுடையதில் 80 விழுக்காட்டுக்கும், வலு 90 விழுக்காட்டுக்கும் மேலே இருக்க வேண்டும். தரைவரை இறங்காமல் பீமின்மேல் பாதியில் முளைக்கும் மிதக்கும் தூண்கள், பக்கவாட்டு விசையைத் தாங்கும் அமைப்பில் இருக்கவே கூடாது என்றது. நூலில் குறை சொல்ல அதிகமில்லை.

என் குறை வேறு. நம் ஊரில் ஸ்டில்ட்டைப் பெற்றெடுத்தது இந்த நூல் அல்ல. கார் நிறுத்த விதி. இத்தனை வீட்டுக்கு இத்தனை கார் இடம் காட்டு என்கிறது நகரமைப்புத் துறை. அந்த இடத்தைத் தளப்பரப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. மனைக்காரருக்கு இதைவிட நல்ல பேரம் கிடைக்குமா? தரைத்தளம் முழுவதையும் காருக்கு விட்டுவிட்டு, அனுமதித்த பரப்பு அத்தனையையும் மேலே வீடாக விற்கலாம். 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயர்மாடிக் கட்டடம் அல்லாதவற்றுக்கு 18.30 மீட்டர்வரை உயரம் தந்தன. ஸ்டில்ட்டும் அதற்குமேல் நான்கைந்து தளமும் அதற்குள் அடங்கிவிடும். இன்று சென்னைப் புறநகரில் தெருவுக்குத் தெரு முளைப்பவை இவைதாம்.

இந்தப் பேரத்தில் சுவருக்கு இடமில்லை. ஒவ்வொரு ஷியர் வாலும் ஒரு காரின் மூக்கில் இடிக்கும். ஆக, ஒரு கையால் அரசு தரைத்தளத்தைக் காலியாக வைக்கச் சலுகை தருகிறது. மறு கையில் உள்ள நூல் காலியாக வைக்காதே என்கிறது. சலுகையைச் சரிபார்க்க அளவுநாடாவோடு ஆள் வருகிறார். அனுமதி வரைபடத்தில் கார் இடத்தின் நீள அகலம் அங்குலச் சுத்தமாக இருக்கும். தூணுக்குள் ரிங் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கிறது, அதன் முனை உள்நோக்கி 135 பாகை வளைந்து கான்கிரீட்டின் வயிற்றுக்குள் போகிறதா அல்லது வெறும் செங்கோணத்தில் நிற்கிறதா என்று எட்டிப்பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள்? செங்கோணத்தில் நிற்கும் கொக்கி, மேற்பூச்சு உதிர்ந்ததும் விரிந்துகொள்ளும். ரிங் போட்டும் போடாததுபோல்தான். ஆலிவ் வியூவில் தூண் சிதறியதற்கும் நின்றதற்கும் இடையே இருந்த தூரம் இந்த அளவுதான்.

லிஃப்ட்டுக்கும் மாடிப்படிக்கும் எப்படியும் சுவர் கட்டுகிறோமே, அது போதாதா என்று கேட்பார்கள். கான்கிரீட்டில் அடித்தளத்திலிருந்து உச்சிவரை தொடர்ச்சியாக எழுப்பினால் பெரிய உதவிதான். ஆனால் பல இடங்களில் லிஃப்ட் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது, கார் திரும்ப வசதியாக. ஒரு மூலை விறைப்பு, எதிர்மூலை நொய்வு என்றால் கட்டடம் பம்பரமாகத் திருகும். தூரத்து மூலைத் தூண்களுக்குத்தான் அடி. சுவர் இருக்கிறதா என்பதோடு எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: கார் இடத்துக்குத் தரும் சலுகையையும் சுவரையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். திறந்த தளத்தில் இரு திசையிலும் சுவரோ குறுக்குச் சட்டமோ தரைவரை இறங்கியிருப்பதைக் காட்டினால் மட்டுமே அந்தத் தளத்தைப் பரப்புக் கணக்கிலிருந்து விலக்கலாம் என்று ஒரு வரி. வடிவமைத்தவர் அல்லாத இன்னொரு கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்து. உயர்மாடிக் கட்டடங்களுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை ஐந்து மாடிக்கும் காட்டலாம். ஆட்கள் அதிகம் வசிப்பது அங்கேதான். செலவு கூடுமே என்பவர்களுக்கு: கூடும். சில சுவர்கள், கொஞ்சம் கம்பி, ஓரிரு கார் இடம். ஒரு வீட்டு முகப்பில் ஒட்டும் இத்தாலியச் சலவைக்கல்லைப் பற்றி இவ்வளவு கணக்குப் பார்ப்பதை நான் கண்டதில்லை.

புதிதாகக் கட்டுவதைத் திருத்துவது எளிய பாதி. ஏற்கனவே நிற்பவற்றை என்ன செய்வது? சான் ஃபிரான்சிஸ்கோ இதைச் செய்து பார்த்தது. 1989-ல் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தின்போது அந்நகரின் மரீனா பகுதியில், கீழே கார் கொட்டகையும் மேலே வீடுகளுமாக இருந்த மரக் கட்டடங்கள் மண்டியிட்டன. ஐந்தாண்டுக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலிஸின் நார்த்ரிட்ஜில் அதே வகையைச் சேர்ந்த ஒரே அடுக்ககத்தில் 16 பேர் இறந்தார்கள். அப்படியும் சட்டம் வர 2013 ஆனது. 1978-க்கு முன் கட்டிய, மூன்று தளத்துக்குக் குறையாத, ஐந்து வீட்டுக்குக் குறையாத மரக் கட்டடங்களின் நொய்ந்த தளத்தை வலுப்படுத்தியே ஆக வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ 5,000 கட்டடங்கள். காலக்கெடு தாண்டியும் அசையாத உரிமையாளர்களின் கட்டட வாசலில் நிலநடுக்க எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள். வாடகைக்கு வருகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலை நடந்தது.

கான்கிரீட் ஸ்டில்ட்டுக்கும் வைத்தியம் உண்டு, ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போர்த்துவது ஒன்று. தேர்ந்தெடுத்த சில கண்களில் புதிய கான்கிரீட் சுவரையோ எஃகுக் குறுக்குச் சட்டத்தையோ, தகுந்த அடித்தளத்தோடு செருகுவது இன்னொன்று. குடியிருப்பவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. வேலை முழுவதும் தரைத்தளத்தில்தான். வலுப்படுத்தியதும் விசை எங்கே போகிறது என்று பார்ப்பது மட்டும் பொறியாளரின் பொறுப்பு. தரைத்தளத்தை இரும்பாக்கிவிட்டு முதல்தளத்தைக் கவனிக்காமல் விட்டால், கோபேயின் கதைதான். நொய்வு ஒரு மாடி மேலே குடிபோகும்.

நான் இருப்பதும் ஒரு ஸ்டில்ட் கட்டடம். மேலே நான்கு தளம், பதினாறு வீடு, கீழே பதினான்கு தூண். கட்டியது 2002-க்கு முன். கட்டமைப்பு வரைபடம் யாரிடமும் இல்லை. கட்டிக் கொடுத்தவரைக் கேட்டால் தொலைபேசியை எடுப்பதில்லை. சென்ற ஆண்டு சங்கக் கூட்டத்தில், வெள்ளையடிப்பு, சம்ப் மோட்டார் எல்லாம் பேசி முடித்த பிறகு, ஒரு பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லலாமே என்று மெதுவாக எடுத்தேன். வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று கேட்டார்கள். நான்கு இடத்தில் சுவர் எழுப்பச் சொல்லலாம் என்றேன். எதிர்ப்பே இல்லை, எல்லோரும் தலையாட்டினார்கள். செலவைப் பங்கிடுவது பற்றிக்கூடப் பேச்சு வந்தது. அப்போது செயலாளர் கேட்டார்: சுவர் வந்தால் இரண்டு கார் இடம் போகுமே சார், யாருடைய இரண்டு?

இரவு பத்து மணிவரை கூட்டம் நீடித்தது. அந்த இரண்டு யாருடையது என்று இன்னும் முடிவாகவில்லை.